அமெச்சூர் என்றால் அவ்வளவு இளக்காரமா?

"அண்ணாச்சி, அதெல்லாம் அமெச்சூர் நாடகம். இப்ப யாரு உக்காந்து பாப்பாக?" என்று கேட்டார் எங்கள் பக்கத்துக் கிராமத்துக் கொடைக் கமிட்டிக்காரர் ஒருவர். கேட்டுவிட்டு, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்பணம் கொடுக்க மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார். பதில் சொல்ல எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வார்த்தை. நான் பாண்டிச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். 'அமெச்சூர்' என்று நாம் சொல்வது பிரெஞ்சில் 'அமத்தேர்'. நேசிப்பவன், பிரியப்பட்டுச் செய்பவன் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களும் சில சமயம் இளக்காரமாகச் சொல்வதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேர் அன்புதான். காசுக்குச் செய்யாதவன் என்பதை அரைகுறையாகச் செய்பவன் என்று மாற்றிக்கொண்டது நம்முடைய கைங்கரியம்.

தமிழ் நாடகத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததில் இந்த அமெச்சூர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு என்ற வக்கீல் தம் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். அதைப் பார்த்த பம்மல் சம்பந்தம், அதே ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பிற்காலத்தில் நீதிபதியாகவே ஆனவர். கூத்தாடி என்று சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றிருந்த காலத்தில் வக்கீலும் உத்தியோகஸ்தரும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு நின்றார்கள். மொலியேரின் ஸ்காப்பேன் நாடகத்தை நாங்கள் வகுப்பில் வரிக்கு வரி மனப்பாடம் செய்தோம். அதைப் பம்மல் 'காளப்பன் கள்ளத்தனம்' என்று தமிழாக்கியிருக்கிறார் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. மொலியேர் பிறந்தது 1622 என்பது பாடம். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் அதே பாண்டிச்சேரியில் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது என்பது பாடத்தில் இல்லை. சைக்கிளில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரம்.

சுவாமிகளின் நாடகங்கள்தான் நம் கரிசல் கிராமங்கள் வரை வந்து சேர்ந்தன. எப்படி வந்தன? நாடக வாத்தியார் மூலமாக. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதி வைக்க ஆசை. கொடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வாத்தியார் ஒரு ஆர்மோனியப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிடுவார். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள், முறை வைத்து. காட்டு வேலை முடிந்து, தறி ஓய்ந்த பிறகு மடத்தில் ஒத்திகை. எழுத்துக் கூட்டத் தெரியாதவன் பாட்டைக் காதால் கேட்டே பாடம் பண்ணுவான். வாய்க்கால் தகராறில் பேச்சு இல்லாத இரண்டு வீட்டுப் பையன்களை வாத்தியார் வேண்டுமென்றே அண்ணன் தம்பியாகப் போடுவார். அரிச்சந்திரன் வேஷம் கட்டியவனுக்கு அடுத்த கொடை வரை அதுதான் பெயர். "ஏலே அரிச்சந்திரா, மாட்டை அந்தால ஓட்டு" என்பார்கள். நாடகம் உச்சத்தில் இருக்கும்போது மைக்கைப் பிடித்து, "இன்னார் அன்பளிப்பு ரூபாய் ஐந்து" என்று வாசிப்பதும் நடக்கும். சந்திரமதி அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

இப்போது கமிட்டிக்காரர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

டிவி வந்தது, நாடகம் செத்தது என்கிறார்கள். அப்படியானால் தஞ்சாவூர் ஜில்லா மெலட்டூரில் ஏன் சாகவில்லை? அந்த ஊரிலும் கேபிள் இருக்கிறது. அச்சுதப்ப நாயக்கர் ஐந்நூற்றுப் பத்துக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் என்று சொல்வார்கள். அங்கே ஒவ்வொரு வருஷமும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோவில் முன்பு பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தியாகராஜர் காலத்தவர். அவர் எழுதிய தெலுங்கு நாடகங்களைத் தமிழ் பேசும் ஊர் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. நடிப்பவர்களில் யாரும் தொழில் நடிகர் கிடையாது. வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். நரசிம்மர் வேஷக்காரர் விரதம் இருக்கிறார். அந்த முகமூடி வருஷம் முழுக்கப் பூஜையில் இருக்கிறது. நடுவில் நொடித்துப் போய், போன நூற்றாண்டில் மறுபடி எழுந்த விழா இது. இ. கிருஷ்ணய்யர் போன்றவர்கள் வெளியுலகத்தின் கவனத்தைத் திருப்பினார்கள். ஆனால் வேஷம் கட்டியது ஊர்க்காரர்கள்தான்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அங்கே குடும்பம் ஒரு ஆளைக் கொடுக்கிறது. இங்கே நாம் வரியை மட்டும் கொடுக்கிறோம். வரி கட்டியவன் கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "பாட்டு சரியில்லை, ஆட்டம் சரியில்லை" என்கிறான். தன் மகன் மேடையில் நிற்கும்போது அப்படிச் சொல்ல நா வருமா? டிவி மேல் பழி போடுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, போலீஸ் அனுமதி தர மாட்டார்கள் என்பது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்திக்கொள்ளவும் அதே விதியில் இடம் உண்டு. இதெல்லாம் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்கு மட்டும் அனுமதி வாங்கத் தெரிகிறதே, எப்படி? நாடகப் பிரதியைப் போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்ற 1954-ம் ஆண்டுச் சட்டமும், எழுத்தாளர் ஞாநி போட்ட வழக்கில் 2013-ல் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிற்று. ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம் கிடைக்கும். வள்ளி திருமணத்தை மூன்று மணியில் முடிக்க முடியாதா? நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவதைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஒரு எதிர்வாதத்துக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன். எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் கேட்டார்: "ஊர் நாடகம் ஊர் நாடகம்னு சொல்றீங்களே சார், அதுல எங்க தெரு ஆளுங்க எத்தனை பேர் நடிச்சாங்க?" ஒருவர்கூட இல்லை. வரி சாதிக்குச் சாதி தனி, கொடை தனி, மேடை தனி. தலித் தெருக்காரர்கள் எட்ட நின்று பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மெலட்டூரிலும் நடிப்பவர்கள் ஒரே சமூகம், பெண் வேஷமும் ஆண்களே. ஆகவே பழையபடியே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா வந்ததால் அந்தக் கோடு அழிந்துவிட்டதா? அதே தனி வரி, அதே தனி மேடை. சேர்ந்து ஒத்திகை பார்க்கக்கூடிய ஒரு வாய்ப்பு மட்டும் போயிற்று.

மேடையைப் பொதுவில் போடுங்கள். எல்லாத் தெருவிலிருந்தும் பிள்ளைகளை எடுங்கள். பெண் பிள்ளைகளையும் எடுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிற பிள்ளை கொடையில் வள்ளியாக நின்றால் குடி முழுகிவிடாது. ஸ்த்ரீபார்ட்டுக்கு வெளியூரில் ஆள் தேடும் செலவும் மிச்சம். காவடிச் சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் நம் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முருகனைப் பாட மெட்டுக்கு மதுரைக்குப் போக வேண்டியதில்லை.

கமிட்டிக்காரர் கொடுத்த முன்பணம் திரும்பாது என்று தெரியும். சரி, இந்த வருஷம் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள், ஒரே ஒரு காட்சி. வாத்தியார் வேலைக்கு ஆள் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது, குரல் இன்னும் உடையவில்லை. சாப்பாட்டு முறையில் முதல் நாள் எங்கள் வீடு.