பெட்டி சொன்னதும் நமக்குச் சொன்னதும்

மூடுபனியைப் பற்றி நீலகிரி ஜில்லாக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கூடலூர்ப் பக்கத்து ஸ்ரீமதுரைவாசியானாலும் சரி, குன்னூர்வாசியானாலும் சரி, பத்து நிமிஷத்துக்கு முன் எதிரே நின்ற மலை இருந்த இடம் தெரியாமல் மறைவதை அவர்கள் எத்தனையோ முறை பார்த்தவர்கள். நடந்து செல்கிறவர் சற்று நின்று போகலாம். மோட்டார் ஓட்டுகிறவர் வண்டியை ஓரங்கட்டி விளக்கைப் போட்டுக் கொள்ளலாம். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? அந்தரத்தில் நிற்கக்கூடிய வாகனந்தானே அது என்று நேயர்கள் கேட்கலாம். நிற்கும், வாஸ்தவம், ஆனால் அப்படி நிறுத்துவதற்கும் ஓட்டுகிறவரின் கண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு மரமோ பாறையோ தென்பட வேண்டியிருக்கிறது.

2021-ஆம் வருஷம் டிஸம்பர் 8-ந் தேதி முற்பகல் 11-48 மணிக்குச் சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு ஒரு ஹெலிகாப்டர் கிளம்பிற்று. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உள்பட 14 பேர் அதில் இருந்தார்கள். 12-15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது. 12-08 சுமாருக்குச் சூலூர் நிலையத்துடன் இருந்த தொடர்பு அறுந்தது. குன்னூருக்கு அருகே நஞ்சப்ப சத்திரத்தில் குடியிருப்புக்களை ஒட்டிய மரக் கூட்டத்தில் அது விழுந்து தீப்பற்றியது. ஊரார் குடங்களில் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். வீட்டுக் கம்பளிகளை எடுத்துக் கொடுத்தார்கள். பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரான குரூப் காப்டன் வருண் சிங் டிஸம்பர் 15-ந் தேதி பெங்களூரில் உயிர் நீத்தார்.

ஆக, உள்ளே நடந்ததைச் சொல்ல மனித சாட்சி ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியது, மறுநாள் தேடி எடுக்கப்பட்ட பதிவுக் கருவிதான். 'கறுப்புப் பெட்டி' என்று உலகம் அதை அழைக்கிறது. இடிபாட்டுக்கிடையே கண்ணில் படவேண்டும் என்பதற்காக உண்மையில் அதற்குப் பூசுவது ஆரஞ்சு வர்ணம். உயரம், வேகம், யந்திரங்களின் நிலை ஆகியவற்றை ஒரு பகுதி குறித்துக்கொண்டே இருக்கும். விமானிகளின் பேச்சை மற்றொரு பகுதி கேட்டுக்கொண்டே இருக்கும். பிரயாணிகள் விமானங்களில் வைக்கும் பெட்டி 1,100 டிகிரி உஷ்ணத்தில் ஒரு மணி நேரம் கிடந்தும் அழியக்கூடாது என்பது விதி.

இந்த யோசனை பிறந்த விதத்தில் நம் தேசத்துக்கும் ஒரு சோக சம்பந்தம் உண்டு. 1953-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி கல்கத்தாவிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய காமெட் ஜெட் விமானம் சில நிமிஷங்களுக்குள் புயலில் சிதறி, 43 பேர் இறந்தார்கள். காமெட் விமானங்கள் ஏன் இப்படி விழுகின்றன என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் டேவிட் வாரன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் ஒருவர். விழும் தறுவாயில் விமானி பேசியதை யாரேனும் கேட்டிருந்தால் எவ்வளவு உபயோகமாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்தபோது, 1934-ல், அவருடைய தகப்பனாரே ஒரு விமான விபத்தில் மறைந்தவர்.

குன்னூர்ப் பெட்டி என்ன சொல்லிற்று? முப்படை விசாரணைக் குழு அதைக் கேட்டறிந்தபின், 2022 ஜனவரி 14-ந் தேதி விமானப் படை ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. யந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாற, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசைமயக்கம் உண்டாயிற்று. நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்த வாகனம் மலையில் மோதிற்று.

திசைமயக்கம் என்பது பயமுமல்ல, அறியாமையுமல்ல. காதுக்குள் இருக்கும் நீர் அசைந்துதான் நாம் சாய்கிறோமா, நிமிர்கிறோமா என்பதை மூளைக்குத் தெரிவிக்கிறது. அடிவானம் கண்ணுக்குத் தெரியும்வரையில் அது செய்யும் பிழையைக் கண் திருத்திவிடும். வெண்மேகம் சூழ்ந்த மாத்திரத்தில் திருத்துவார் இல்லை. சாய்ந்துகொண்டே நேராகப் போவதாக உடம்பு சத்தியம் செய்யும். எதிரே மலை வருகிறது என்று கூவி எச்சரிக்கும் சாதனங்கள் பெரிய பிரயாணி விமானங்களில் 1970-களிலிருந்தே இருந்து வருகின்றன. அதன்பின் இத்தகைய விபத்துக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தாழ்வாகவும் மலையை ஒட்டியும் பறப்பதே தொழிலாகக் கொண்ட ஹெலிகாப்டரில் அந்தச் சாதனம் ஓயாமல் கூவும். எது மெய்யான அபாயம் என்று பிரித்தறிவதே பெரும்பாடு.

சரி. இனிமேல்தான் நமக்கு மனத்தாங்கல். 2024 டிஸம்பரில் பாராளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு ஓர் அறிக்கை சமர்ப்பித்தது. 2017 முதல் 2022 வரை விமானப் படைக்கு நேர்ந்த 34 விபத்துக்களின் பட்டியல் அதில் கண்டிருந்தது. குன்னூர் விபத்துக்கு எதிரே காரணம் என்ற பத்தியில் எழுதியிருந்தது: 'மனிதத் தவறு - விமானக் குழுவினர்'. அவ்வளவுதான்! 'கவனக்குறைவு இல்லை' என்பதும் 'மனிதத் தவறு' என்பதும் நிபுணர்களின் பாஷையில் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்கலாம். மயங்கியதும் ஒருவகைத் தவறு என்று அவர்கள் கணக்கு. ஆனால் பத்திரிகையில் அந்த இரண்டு வார்த்தையைப் படிக்கும் விமானியின் தாய்க்கு அந்தப் பாஷை தெரியுமா?

பொதுமக்கள் ஏறும் விமானங்களின் விஷயத்தில் முப்பது நாளில் முதல் அறிக்கை தரவேண்டும் என்பது சர்வதேச ஏற்பாடு. 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் 260 உயிர்களைப் பலிகொண்ட விபத்துக்கு அப்படியே ஜூலை மாதம் அறிக்கை வந்தது. ஆனால் அதிலும், எண்ணெயை ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், தாம் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் மாத்திரமே வெளியாயின. யார் கேட்டார், யார் சொன்னார் என்பது இல்லை. முன்பின் பேச்சும் இல்லை. இடைவெளியை ஊர் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொண்டது.

ராணுவத்தில் ரகசியம் வேண்டியதுதான். பறந்த பாதையையும் கருவிகளின் விவரத்தையும் மறைக்கட்டும். அந்த மேகம் எப்போது சூழ்ந்தது, வெலிங்டனிலிருந்து வானிலைச் செய்தி என்ன போயிற்று, கடைசி நிமிஷங்களில் விமானிகள் என்ன செய்ய முயன்றார்கள் என்பவற்றைச் சொல்வதால் எந்தச் சத்துரு என்ன லாபம் அடைவான் என்று நமக்கு விளங்கவில்லை.