நாளைக்கு என்ன சமையல்? மார்கழிக்கு ஒரே ஒரு காகிதம்!

மார்கழி காலை, மணி நாலரை. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கிறது. ஒருபக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம். நடுவில் இருக்கும் ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். திருச்சியின் டிசம்பர் குளிர் ஒன்றும் ஊட்டிக் குளிர் இல்லை. விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், அவ்வளவுதான். ஆனால், சித்திரை வெயிலில் வேகிற ஊருக்கு அதுவே நடுக்கம்!

அந்த வீதியில் ஒரு வீடு. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பத்தாவது படிக்கும் பெண், ஐந்தாவது படிக்கும் பையன் என ஆறு பேர். மருமகளுக்கு கன்டோன்மென்ட்டில் வேலை. எட்டேகாலுக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். போன வருஷம் மார்கழி முழுக்க அவர் காலை ஐந்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அரைச் சுரைக்காய், வாடிய கீரை, பொங்காத மாவு. 'இன்னிக்கு என்ன பண்றது?' என்று யோசித்தே கால் மணி நேரம் போய்விடும். பிறகு அவசரத்துக்கு ஓர் உப்புமா.

அடுப்பில் நிற்கும் நேரத்தைவிட, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நேரம்தான் அலுப்பு தருகிறது. அந்த முடிவும் வீட்டில் ஒரே ஒருவர் தலையில்தான் விழுகிறது. இந்த வருஷம் அந்த வீட்டில் ஒரு காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது.

பாட்டி கேட்ட கேள்வி

முதலில் மருமகள் போட்ட திட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமையே மூன்று குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடலாம் என்று நினைத்தார். பாட்டி ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இந்தக் குளிர்ல சுடச்சுட ஒரு வாய் சாப்பிடத்தானே எல்லாரும் ஆசைப்படறா? நேத்து வெச்சத எடுத்து எடுத்து சூடு பண்ணினா எப்படி? விரத நாள் வேற வருது."

"காலையில எனக்கு ஒரு மணி நேரம்தான்மா இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"சமையல நாளைக்குப் பண்ணிக்கலாம். என்ன சமையல்னு இன்னிக்கே முடிவு பண்ணிடு."

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. முன்கூட்டியே சமைப்பது வேறு, முன்கூட்டியே முடிவு செய்வது வேறு. முடிவு செய்துவிட்டால் ஊறவைப்பது, வறுத்துப் பொடிப்பது, நறுக்குவது எல்லாம் முதல் நாள் இரவே முடிந்துவிடும். காலையில் அடுப்பு வேலை மட்டும்தான் மிச்சம்.

கிழமைக்கு ஒரு வகை

காகிதத்தில் பதார்த்தத்தின் பெயரை எழுதினால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். வகையை மட்டும் எழுதுங்கள். காய் மாறிக்கொண்டே இருக்கட்டும். அந்த வீட்டுக் காகிதம் இப்படி இருக்கிறது:

திங்கள்: சாம்பார், ஒரு பொரியல்.

செவ்வாய்: மிளகு குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம்.

புதன்: கீரை மசியல், மிளகு சாத்தமுது. ஸ்ரீரங்கத்து வைணவ வீடுகளில் ரசத்துக்கு சாத்தமுது என்றுதான் பெயர்.

வியாழன்: வற்றல் குழம்பு, மொச்சை அல்லது அவரைக்காய்க் கூட்டு.

வெள்ளி: மறுபடியும் சாம்பார், வேறு காயோடு.

சனி: ஒரே பாத்திர நாள். சாம்பார் சாதம், அரிசிப் பருப்பு சாதம், எலுமிச்சை சாதம், இதில் ஏதாவது ஒன்று. தொட்டுக்கொள்ளக் கிழங்கு வறுவல்.

ஞாயிறு: பிள்ளைகள் கேட்பது.

உறையூரிலும் பாலக்கரையிலும் அசைவம் சமைக்கும் வீடுகளுக்கும் இதே காகிதம் பொருந்தும். ஞாயிறு மீன் குழம்போ மிளகுக் கோழியோ வந்தால், திங்கள் சாம்பாரை விட்டுவிட்டு லேசான ரசம் வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கு மிளகு குழம்பைப் போட்டதற்குக் காரணம் உண்டு. அதற்குக் காய் வேண்டாம், நறுக்கும் வேலையும் இல்லை. நாலு பேருக்கு இரண்டு டீஸ்பூன் மிளகு, ஒரு டேபிள்ஸ்பூன் உளுத்தம்பருப்பு, இரண்டு மிளகாய் வற்றல், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை எடுத்து வறுத்து, திங்கள் இரவே அரைத்து வைத்துவிடலாம். காலையில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, நல்லெண்ணெயில் தாளித்து, விழுதைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் 20 நிமிஷத்தில் குழம்பு ரெடி. குளிருக்குத் தொண்டைக்கும் இதம்.

காந்தி மார்க்கெட் பையை அடுக்கும் விதம்

கார்த்திகை, மார்கழியில் காய்கறி விலை ஒரு நிலையில் நிற்காது. மழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் சட்டென்று ஏறும். முருங்கைக்காய் வரத்து குறைந்து விலை கைக்கு எட்டாமல் போகும். அதே நேரத்தில் மொச்சை, அவரை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, சேனை, கருணை எல்லாம் வந்து இறங்கும். அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை ஒட்டித் திட்டம் போட்டால் பர்ஸும் தப்பிக்கும்.

சனிக்கிழமை மாலையோ ஞாயிறு காலையோ காந்தி மார்க்கெட் போய் வந்ததும் காயை மூன்றாகப் பிரியுங்கள். சீக்கிரம் வாடும் வெண்டை, கத்தரி, முள்ளங்கி வாரத் தொடக்கத்துக்கு. அவரை, மொச்சை, பீன்ஸ் நடு வாரத்துக்கு. பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி கடைசிக்கு. கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், ஈரமில்லாமல் காற்றோட்டமாக ஒரு கூடையில் போட்டால் போதும். மொச்சையை டி.வி. பார்த்துக்கொண்டே உரித்துவிடலாம். அந்த வீட்டில் அது தாத்தா வேலை.

கீரையை மட்டும் மொத்தமாக வாங்கக் கூடாது. புதன் காலை வாசலில் வரும் கீரைக்காரம்மாவிடம் வாங்குவதே நல்லது. மழைக்காலக் கீரையில் மண்ணும் பூச்சியும் அதிகம் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி எடுங்கள்.

வாழைத்தண்டும் வாழைப்பூவும் திருச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைப்பவை. ஆனால், வேலை நாள் காலையில் வாழைப்பூ ஆய உட்கார்ந்தால் பஸ் போய்விடும். முதல் நாள் இரவே கள்ளனை எடுத்து, நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நிறம் கறுக்காது.

பொங்காத மாவும் பொங்கல் டப்பாவும்

மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் வழிந்து ஓடும் இட்லி மாவு, மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாமல் இருக்கும். குளிரில் மாவு புளிப்பது மெதுவாகத்தான் நடக்கும். இரவு ஒன்பதுக்கு அரைக்கும் பழக்கத்தை மாற்றி, மாலை ஐந்து, ஆறு மணிக்கே அரைத்துவிடுங்கள். வெந்தயம் ஒரு டீஸ்பூன் கூட ஊறட்டும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி அடுப்பு மேடை ஓரமாக வையுங்கள். காலையில் பொங்கியிருக்கும்.

பொங்காத நாளுக்குத்தான் பொங்கல் டப்பா! ஒரு டப்பாவில் ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் லேசாக வறுத்த பாசிப்பருப்பு. இப்படி நாலு டப்பா போட்டு வைத்தால் நாலு காலைகளுக்குக் கவலை இல்லை. கழுவி, ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்துவிட்டு, நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி தாளித்தால் வெண்பொங்கல். யார் வேண்டுமானாலும் செய்யலாம். அளவு பார்க்கும் வேலைதான் முன்பே முடிந்துவிட்டதே.

விரதமும் விருந்தாளியும்

ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு மார்கழியில் ஒரு தனிச் சிக்கல். நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது! பகல் பத்து பத்து நாள், இராப்பத்து பத்து நாள். நடுவில் வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் சொர்க்கவாசல் திறப்பு. முதல் நாள் இரவே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவினர் வந்து இறங்குவார்கள்.

அதற்குக் கை கொடுப்பது புளிக்காய்ச்சல். ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 100 கிராம் புளி என்ற கணக்கில், நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சி, ஈரம் படாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் கெடாது. பத்து பேர் வந்தாலும் சாதம் மட்டும் வடித்தால் போதும். மறுநாள் ஏகாதசிக்கு அரிசிச் சாதம் கிடையாது. விரதம் இருப்பவர்களுக்குப் பலகாரமாகக் கோதுமை ரவை உப்புமா, ஜவ்வரிசி, பழம், பால். துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் வேண்டும். அன்று சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் அகத்திக்கீரையை முதல் நாள் இரவே ஆய்ந்து வையுங்கள். பல வீடுகளில் துவாதசிக்குப் புளி சேர்ப்பதில்லை. மோர்க்குழம்பு வைத்துவிடலாம்.

காலண்டரைப் பார்த்து இரண்டு ஏகாதசி, இரண்டு துவாதசி, திருவாதிரை, மார்கழி 27 கூடாரவல்லி ஆகியவற்றை முதலிலேயே காகிதத்தில் வட்டம் போட்டுவிடுங்கள். திருவாதிரைக்குக் களியும் ஏழு காய்க் குழம்பும். பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, சேனை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என்று கூடையில் மிஞ்சியிருப்பதெல்லாம் அதில் சேர்ந்துவிடும். கூடாரவல்லிக்கு அக்காரவடிசல். அன்று வேறு பெரிய சமையல் வேண்டாம். பாலில் அரிசி குழைய வேகும்வரை கிளறுவதே ஒரு வேலை!

மிஞ்சிய சாம்பார், சாதம், கூட்டு எல்லாவற்றையும் 'குளிர்தானே, கெடாது' என்று மேடையிலேயே வைத்துவிட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். மறுபடி எடுத்தால் நன்றாகக் கொதிக்கவிட்டே பரிமாறுங்கள்.

காகிதம் சமைத்த இரண்டு நாள்

மார்கழி இரண்டாவது வாரம் மருமகளுக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. போன வருஷம் இப்படி ஒருநாள் படுத்தபோது, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை யாராவது வந்து "பருப்பு எங்க இருக்கு?", "என்ன வைக்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுந்து போய் சமைப்பதே மேல் என்று தோன்றியது.

இந்தத் தடவை யாரும் அறைப் பக்கம் வரவில்லை. பெண் காகிதத்தைப் படித்தாள், "அப்பா, இன்னிக்கு செவ்வாய், மிளகு குழம்பு. விழுது கீழ் தட்டுல இருக்கு." அப்பா புளி கரைத்தார். பையன் பொங்கல் டப்பாவைத் திறந்து கழுவினான். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே உப்பு சொன்னார். குக்கர் நாலு விசில் வர வேண்டிய இடத்தில் ஆறு விசில் வந்தது. படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்த மருமகள், குரல் கொடுக்க வாயெடுத்துவிட்டு அப்படியே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பொங்கல் கொஞ்சம் அதிகமாகவே குழைந்திருந்தது. காய்ச்சல் வாய்க்கு அதுதான் சரியாகவும் இருந்தது.

இன்று இரவு ஒரு காகிதம் எடுங்கள். ஏழு கிழமை, ஏழு வகை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முதல் நாள் இரவு செய்ய வேண்டிய ஒரு வேலை, அதைச் செய்யப்போகிறவர் பெயர். அந்த இடத்தில் எல்லாம் ஒரே பெயர் வந்தால் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

போகியன்று பழையதை எல்லாம் கழிக்கும்போது இதை மட்டும் எறிய வேண்டாம். எது சலித்தது, எதைப் பிள்ளைகள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த மார்கழிக்குப் பாதி வேலை இப்போதே முடிந்தது!