ரைம் என்றால் எதுகை அல்ல

"ஸிலபிள் என்றால் அசை, ரைம் என்றால் எதுகை." ஆங்கில வகுப்புகளில் இப்படி ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

நம் யாப்பில் 'வரும்' என்பது ஒரே நிரையசை. ஸிலபிள் கணக்கில் அது வ, ரும் என்று இரண்டு. 'கண்ணன்', 'மண்ணில்' எதுகை. அங்கே இரண்டாம் எழுத்துதான் முக்கியம், முடிவு எப்படி இருந்தாலும் கவலையில்லை. ரைமுக்கு முடிவுதான் உயிர். அழுத்தம் விழும் கடைசி உயிரொலியில் தொடங்கி சொல் முடியும்வரை ஓசை ஒத்துப்போக வேண்டும். சிங்கிங், ரிங்கிங் ரைம். சிங்கிங், ரன்னிங் ரைம் இல்லை. நம் இலக்கணத்தில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது இயைபுத் தொடை.

இதைவிடக் கொடுமை, எழுத்தைப் பார்த்து ரைம் தேடுவது. காஃப், டஃப், தோ, த்ரூ நான்கும் ஓ, யூ, ஜி, எச் என்றே முடிகின்றன. காதுக்கு ஒன்றோடொன்று ஒட்டுகிறதா?

என் பேத்தியின் பயிற்சித் தாளில் 'வெயிட்' என்ற சொல்லுக்கு ரைம் கேட்டிருந்தார்கள். எடையைக் குறிக்கும் சொல். அவள் 'லேட்' என்று எழுதினாள். அதைச் சிவப்பு மையில் அடித்து, 'ஹைட்' என்று திருத்தியிருந்தார்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை ஏறக்குறைய 'வேட்' என்றுதான் சொல்வார்கள். சரியாகக் கேட்ட குழந்தைக்கு மதிப்பெண் போயிற்று. இனி அவள் தன் காதை நம்புவாளா?

ஸிலபிளும் அப்படியே. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதற்கு 9 எழுத்து, ஸிலபிள் ஒன்றுதான். 'ஏரியா'வுக்கு 4 எழுத்து, ஸிலபிள் மூன்று. 'ஃபிலிம்' என்று நாம் இரண்டு தட்டு தட்டுகிறோம். அவர்கள் வாயில் அது 'ஃபில்ம்', ஒரே தட்டு.

ஆங்கிலக் கவிஞர்களே 'லவ்', 'மூவ்' என்று ஜோடி சேர்த்திருக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். அதற்குக் 'கண் ரைம்' என்றே தனிப்பெயர் உண்டு. விதிவிலக்குக்குத்தானே தனிப்பெயர் வைப்பார்கள்?

தாளை மூடிவிட்டு ஆசிரியர் சொல்லட்டும், குழந்தைகள் கேட்டுக் கைதட்டட்டும். சந்தேகம் வந்தால் உச்சரிப்பும் அழுத்தமும் குறித்த அகராதியைப் புரட்டட்டும். உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளையின் தாளில் 'தப்பு' என்றிருந்தால், திட்டுவதற்கு முன் அந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.