கம்பியில்லா வலைகளும் காவலும்

கம்பியில்லாத் தந்தி என்ற அற்புதம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதை ஒரு தனிக் கம்பெனியின் ஏகபோகமாக்கும் முயற்சியும் தோன்றிவிட்டது. 1902-இல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் சகோதரரான ஹென்ரி இளவரசர் அமெரிக்காவிலிருந்து திரும்புங்கால், நடுக்கடலிலிருந்து ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு வந்தனச் செய்தி அனுப்ப முயன்றார். கப்பலிலிருந்த கருவி ஜெர்மானிய முறையைச் சேர்ந்தது. கரையிலிருந்த நிலையமோ மார்க்கோனி கம்பெனியுடையது. பிறர் கருவியிலிருந்து வரும் செய்தியை ஏற்பதில்லை என்பது அக்கம்பெனியின் விதி. 1903-இல் பெர்லினில் கூடிய மகாநாட்டில் பிரிட்டனும் இத்தாலியும் இவ்விதியை விட்டுக்கொடுக்க இசையவில்லை. 1906-இல் அதே நகரில் ஏற்பட்ட உடன்படிக்கைதான், எம்முறைக் கருவியானாலும் கப்பலும் கரையும் ஒன்றின் செய்தியை மற்றொன்று ஏற்றே தீரவேண்டும் என்று விதித்தது. ஓர் இளவரசரின் உபசார வார்த்தை தடைப்பட்ட பிறகே ராஜ்யங்கள் விழித்துக்கொண்டன. சாதாரண மாலுமியின் அபயக்குரல் தடைப்பட்டிருந்தால் இத்துணை விரைவு இருந்திருக்குமோ என்பது சந்தேகமே.

அந்நாளிலேயே மற்றொரு பாடமும் கிடைத்தது. தமது செய்திகளைப் பிறர் குறுக்கிட இயலாது என்று மார்க்கோனி தரப்பார் பெருமை பேசி வந்தனர். 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேராசிரியர் பிளெமிங் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில், மாஸ்கலின் என்ற செப்படிவித்தைக்காரர் பக்கத்திலிருந்தே பரிகாச வார்த்தைகளை அனுப்பி அக்கருவியில் பதியச் செய்தார்.

இன்று ஒரே கைப்பேசி 2ஜி, 4ஜி, 5ஜி, வைஃபை என்று பல வலைகளில் மாறிமாறி உலவுகிறது. 2019 டிசம்பர் முதல் நம் தேசத்திலும் வைஃபை வழியாகவே சாதாரண டெலிபோன் பேச்சு நடக்கிறது. இக்கூட்டுறவை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பல வாயில்களை ஒன்றாக இணைத்துக் கட்டிய மாளிகையில், திருடன் இரும்புக் கதவைத் தேடிப் போகமாட்டான்.

பழைய 2ஜி முறையில் கைப்பேசி தான் இன்னார் என்று கோபுரத்திற்கு அத்தாட்சி காட்டவேண்டும். கோபுரம் கைப்பேசிக்கு எந்த அத்தாட்சியும் காட்டவேண்டியதில்லை. கோர்ட்டில் வக்கீலிடம் வக்காலத்து கேட்கும் நீதிபதி, தாம் நீதிபதிதான் என்று ருசுப்படுத்த வேண்டியதில்லை; அவர் அமர்ந்திருக்கும் கட்டடமே சாட்சி. ஆகாயத்தில் கட்டடம் ஏது? 3ஜி முதற்கொண்டு இரு தரப்பாரும் அத்தாட்சி காட்டும் ஏற்பாடு வந்தது. எனினும் மோசக்காரன் ஒரு போலிக் கோபுரத்தை நாட்டி, கைப்பேசியை 2ஜிக்கு இறங்கச் செய்துவிட்டால், பாங்கின் பெயராலேயே பொய்ச் செய்தி அனுப்பலாம். இத்தகைய காரியம் சம்பந்தமாக 2024-இல் பிரிட்டனில் போலீஸார் இருவரைக் கைது செய்தனர். 2021-இல் வெளியான ஆண்ட்ராய்டு 12-இல், 2ஜியை மூடிவிடும் வசதி ஏற்பட்டது. அவசர அழைப்புக்கு மட்டும் அது திறந்திருக்கும். விலையுயர்ந்த கைப்பேசி வைத்திருப்போருக்கு இது சரி. பட்டன் கைப்பேசியை நம்பியிருக்கும் கோடிக்கணக்கான ஏழை ஜனங்களுக்கு 2ஜியைத் தவிர வேறு வாயிலே இல்லையே! அவர்கள் கையில் மாற்றுக் கருவி சேருமுன் அதை மூடச் சொல்வது அநீதி; சேர்ப்பிக்க ஒரு கெடு விதிக்காமல் காலம் கடத்துவதோ அதனினும் அநீதி.

வைஃபையிலும் இதே வழக்குத்தான். சிம் அட்டையைக் கொண்டே வைஃபையில் நுழையும் முறையொன்று உண்டு. அதில் கைப்பேசி முதன்முறை தன்னை அறிமுகப்படுத்தும்போது, சந்தாதாரரின் 15 இலக்க நிரந்தர எண்ணைப் பகிரங்கமாகவே கூறிவிடக்கூடும். அதை ஒட்டுக்கேட்பவன் அந்த ஆள் எங்கெங்கு போகிறார் என்று பின்தொடரலாம். அரசியல் ஊழியம் செய்வோருக்கு இதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. சர்வகலாசாலைகளை இணைக்கும் எடுரோம் ஏற்பாட்டில், வெளியூர் சென்ற மாணவரின் கடவுச்சொல் காப்பிடப்பட்ட குழாயின் வழியே சொந்தக் கலாசாலைக்கே போய்ச் சேருகிறது; நடுவில் இருப்பவர் பார்க்க முடியாது. மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆயினும் எதிரே நிற்பது தன் கலாசாலைதானா என்று அத்தாட்சிப் பத்திரத்தைக் கைப்பேசி சோதியாவிடில், போலி நிலையம் அக்கடவுச்சொல்லைக் கவர்ந்துகொள்ளும்.

5ஜி விதிகள் நிரந்தர எண்ணை மறைமொழியாக்கி அனுப்ப வழி வகுத்திருக்கின்றன. ஆனால் அதே விதிகளில், மறைக்காமலே அனுப்பும் ஒரு பூஜ்ய முறைக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்! எதைக் கைக்கொள்வது என்பது கம்பெனியின் சித்தம். சட்டத்தில் இத்தகைய ஷரத்து ஒன்று இருந்தால் எந்தக் கட்சிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது நமக்கு அநுபவத்தில் தெரியும். நம் தேசத்தில் 5ஜி நடத்தும் கம்பெனிகள் சந்தாதாரரின் எண்ணை மறைத்தே அனுப்புகின்றனவா என்பதை எழுத்துமூலம் வெளியிடுமாறு சர்க்கார் உத்தரவிட வேண்டும். பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் எழுந்து இக்கேள்வியைக் கேட்பாரானால், அதற்கு வரும் பதிலை இப்பத்திரிகை முழுமையாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறது.