காடாத் துணியே திரையாகட்டும்!

நாட்டுக் கதைகளைக் கம்ப்யூட்டர்ச் சித்திரத்தோடும் நடனத்தோடும் சேர்த்துப் புதிதாக மேடையேற்றும் முயற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆடுகிறவரின் கையசைவைக் காமிரா கவனிக்கிறது. அதற்கேற்பத் திரையில் மழை பெய்கிறது, காடு எரிகிறது. பார்வையாளர் எழுந்து கை நீட்டினால் கதை வேறு வழியில் திரும்பவும் செய்யலாம். "இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு. கூலி உயர்வுக்கு மல்லுக்கட்டும் சோமனூர்த் தறிக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறு.

கம்ப்யூட்டர் நமக்கு அந்நியமான பொருளா? 1804-ல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைத் தறியில் பூட்டினார். துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. அட்டையை மாற்றினால் பூ வேலை மாறும். இதே துளை அட்டையைக் கொண்டுதான் 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கை யந்திரத்தால் எண்ணினார்கள். கம்ப்யூட்டரின் பாட்டன் தறி! அந்த லியோன் பட்டு நெசவாளர்கள்தான் 1831-லும் 1834-லும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து துப்பாக்கிக் குண்டுகளைச் சந்தித்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். யந்திரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை அறியாதவர் உண்டா? பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி, கொம்பன் பன்றி. உடுக்கடிப் பாட்டாக இரவு இரவாகப் பாடப்பட்ட காவியம் இது. கவிஞர் சக்திக்கனல் 1971-ல் இதை அச்சேற்றினார். அதற்கு முன்பே, 1965-ல், பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் அம்மையார் காங்கேயம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, பாடகர் பாடப் பாட டேப்பில் பதிவு செய்தார். பிற்காலத்தில் அவரே அதை 26 பகுதிகள் கொண்ட சித்திரப் படமாகவும் தயாரித்தார். இடையில் கலைஞர் கருணாநிதி நாவலாக எழுதினார். 2011-ல் அது சினிமாவாகவும் வந்தது.

கடல் கடந்து வந்த ஒருவர் செய்த வேலையை நாம் செய்யவில்லையே என்ற வெட்கம் எனக்கு உண்டு. அதற்காக அவரைக் குறை கூறுவது நியாயமல்ல. பதிவு செய்திராவிட்டால் அந்தப் பாடகரின் குரல் அவரோடு போயிருக்கும்.

பார்வையாளரும் பங்கு கொள்ளும் கலை என்று புதுமையாகப் பேசுகிறார்களே, அது நம் படுகளத்தில் இல்லையா? அண்ணன்மார் மாண்ட கட்டம் வரும்போது கூட்டத்திலிருக்கும் ஆட்களே அருள் வந்து பிணம்போல் சாய்கிறார்கள். பிறகு அவர்களை எழுப்புகிறார்கள். பார்க்க வந்தவனே கதைக்குள் விழுந்து எழுகிறான். சிறுவயதில் ஒரு கோவிலில் நான் இதைக் கண்டு நடுங்கியிருக்கிறேன். (பன்றி வேட்டைக் கட்டம் வரும் முன்பே தூங்கிப் போனவனும் நானே!)

ஆனால் எந்தக் கதையை, யார் கண்ணால் சொல்வது? இங்கேதான் சண்டை இருக்கிறது. அண்ணன்மார் கதையில் நிலத்துக்குடையவர் வீரர். காட்டுக்குடைய வேட்டுவர் பகைவர். உயிரைக் கொடுத்து உழைக்கும் சாம்புகன் கடைசிவரை ஏவலாளாகவே நிற்கிறான். பழைய கதையைப் பளபளக்கும் திரையில் அப்படியே ஏற்றினால் பழைய அதிகாரத்துக்குப் புதுச் சாயம் பூசியதாகத்தான் முடியும். பார்வையாளர் கை வைத்தால் கதை திரும்பும் என்றால், சாம்புகன் வாயைத் திறக்கட்டும்! வேட்டுவப் பெண் தன் காட்டின் கணக்கைச் சொல்லட்டும்! நாட்டுக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த பேராசிரியர் நா. வானமாமலை அவற்றைக் கும்பிட்டு வைக்கச் சொல்லவில்லை. அவற்றுள் மோதும் சமுதாய சக்திகளை ஆராயவே கற்றுத் தந்தார்.

வள்ளிக் கும்மியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மரபை அவர் உடைக்கவில்லை, அகலப்படுத்தினார். அதே கும்மியின் பேரால் இன்று சில மேடைகளில் சாதிப் பெருமை பேசப்படுகிறது. சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்று பெண்களிடம் உபதேசம் செய்யப்படுகிறது. குறவர் மகளை மணந்த முருகனின் கதையைப் பாடிவிட்டு இப்படி உபதேசிப்பவர்களின் துணிச்சலை என்னவென்பது? களத்தை நாம் காலியாக விட்டதன் விளைவே இது. 1961-ல் தோழர் ஜீவா கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியது இதே கோவையில்தான் என்பதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

சோமனூரில் என்ன செய்யலாம்? எடுத்துக்கொள்ள இலக்கியம் இருக்கிறது. கைத்தறி நெசவாளரின் பட்டினியைச் சொன்ன ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-ல் வெளிவந்து செக் மொழிக்குப் போயிற்று. நம் விசைத்தறிக் கூடங்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? 1946 ஜனவரி 8-ல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரின் வரலாறு பக்கத்து மண்ணிலேயே இருக்கிறது. 2025-ல் கூலி உயர்வு கேட்டு நம் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது தெருவில் நிலவிய அந்த நிசப்தம் இருக்கிறதே, அதுவும் ஒரு காட்சியே. தறிச் சத்தத்தில் தொடங்கி நிசப்தத்தில் முடியும் ஓர் ஒயிலாட்டத்தை நம் பிள்ளைகளால் ஆட முடியாதா?

செலவுக்குப் பயப்பட வேண்டாம். வாடகைக்கு ஒரு புரொஜக்டர், ஒரு மடிக்கணினி, ஒரு காமிரா போதும். பாலிடெக்னிக் படிக்கும் நம் தொழிலாளர் பிள்ளைகள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். திரைக்கு எங்கும் போக வேண்டாம். நாம் நெய்யும் காடாத் துணியே போதும். உடுக்கை வாசிக்கத் தெரிந்த பெரியவருக்கு முதல் மரியாதையும் உரிய சம்பளமும் கொடுக்க வேண்டும். அவர் பாட்டைப் பதிவு செய்துகொண்டு வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கக் கூடாது. பதிவும் அவர் குடும்பத்துக்கும் ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு தறி ஓட்டுகிறவர்களின் பாட்டுக்கும் அந்த மேடையில் இடம் தர வேண்டும்.

ராத்திரி ஷிப்ட்காரர்களும் வரவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் தோது. கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.