கர்னலுக்குள் எமுலேட்டர் வேண்டாம்

வீடியோ கார்டின் பயாஸை எந்த ப்ராசஸரிலும் ஓட்ட, லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஓர் எக்ஸ்86 எமுலேட்டரை வைத்துவிடலாம் என்கிறார்கள். கூடவே கூடாது. அந்த பயாஸ் ரோமில் இருப்பது 16 பிட் ரியல் மோட் நிரல். அதன் மூலநிரலைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. பவர்பிசி, ஆல்ஃபா போன்ற ப்ராசஸர்களில் அது நேரடியாக ஓடாது என்பது உண்மைதான். 64 பிட் எக்ஸ்86 கர்னலில்கூட ரியல் மோட் நிரலை ஓட்டும் விஎம்86 வசதி கிடையாது. ஆனால் எக்ஸ்ஃப்ரீ86 என்ற வரைகலை சர்வர் இத்தகைய எமுலேட்டரைக் கர்னலுக்கு வெளியே ஓட்டிக் காட்டிவிட்டதே! யாரும் படித்துப் பார்க்காத நிரலுக்கு இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் ஏன் தர வேண்டும்?

மாற்று வழிக்கு ரேடியான் வீடியோ கார்டுகளின் ஆட்டம்பயாஸைப் பாருங்கள். அதில் இருப்பவை எந்த ப்ராசஸரையும் சாராத பைட்கோடு அட்டவணைகள். டிரைவரில் உள்ள சிறிய இன்டர்ப்ரெட்டர் அவற்றைப் படித்து நிறைவேற்றுகிறது. பிக் எண்டியன் இயந்திரத்தில் பைட் வரிசையை மாற்றிப் படிப்பதும் டிரைவரின் வேலை. கார்டு தயாரிப்பாளர்களிடம் நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.