நடத்தை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்

2023-24 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள், எந்த ஊரில் வாடகை குறைவு, பிரஷர் குக்கரைப் பெட்டியில் எப்படி அடுக்குவது என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் அங்கே பல்கலைக்கழகங்களில் மாணவர் நடத்தை அலுவலகம் என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அங்கிருந்து மின்னஞ்சல் வரும்போதுதான் அப்படியொரு இடம் இருப்பதே தெரிகிறது. அப்போது கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. சிலர் அதைத் திறக்காமலே நாட்களைக் கடத்துகிறார்கள். சிலர் அன்றிரவே மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால், அந்த அலுவலகத்தில் இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

மாணவர் நடத்தை அதிகாரி பல்கலைக்கழகத்தின் ஊழியர். பெரும்பாலும் மாணவர் நலன் கவனிக்கும் டீனின் கீழ் வேலை செய்பவர். கைது செய்யும் அதிகாரமோ சிறைக்கு அனுப்பும் அதிகாரமோ அவருக்குக் கிடையாது. திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்துக்கு வந்தால், வார இறுதியில் விடுதிகளில் எழுதப்பட்ட அறிக்கைகள் கணினியில் காத்திருக்கும். அவற்றை எழுதுபவர்கள் ஆர்.ஏ. எனப்படும் ரெசிடென்ட் அசிஸ்டென்ட்கள். அவர்களும் மாணவர்கள்தான், அதே விடுதியில் தங்கி, இரவுச் சுற்று வருபவர்கள். பேராசிரியரிடமிருந்தும், வளாகப் போலீசிடமிருந்தும், பக்கத்து அறைக்காரரிடமிருந்தும்கூடப் புகார் வரலாம். புகாரைப் படித்ததும் அதிகாரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பல்கலைக்கழக நடத்தை விதிகளில் எதையாவது மீறியதாகுமா? ஆகாது என்றால் கோப்பு அங்கேயே மூடப்படும். ஆகலாம் என்றால்தான் கடிதம் போகும். கடிதம் வந்துவிட்டது என்றால் குற்றவாளி என்று முடிவாகிவிட்டதாக அர்த்தமில்லை. இதை நம் பிள்ளைகள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு விஷயத்தை வைத்தே பார்ப்போம். விடுதி அறையிலோ பல்கலைக்கழக அடுக்ககத்திலோ எண்ணெய் காயவைத்து, கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்தால் புகை எழும். கூரையில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டர் அலறும். கட்டடம் முழுக்கக் காலியாகும், தீயணைப்பு வண்டி வரும். ஒரு முறை இப்படி நடந்ததும் அடுத்த முறை சமைக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து டிடெக்டரில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது சமையல் சௌகரியம். விதிப் புத்தகத்தில் அது தீப் பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்தல். கடுமையாகப் பார்க்கப்படும் மீறல்களில் ஒன்று.

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்கலாம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று அதிகாலையில் நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அந்த விடுதியில் அதற்கு முன் பொய் அலாரம் அடிக்கடி ஒலித்திருந்ததால், அன்றும் அப்படித்தான் என்று நினைத்துச் சிலர் படுக்கையை விட்டே எழவில்லை. அதன் பிறகு அந்த மாநிலம் மாணவர் விடுதிகளில் நீர்த்தெளிப்பான் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. பிளாஸ்டிக் பையைப் பார்த்து ஆர்.ஏ. அறிக்கை எழுதுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது. நல்ல அதிகாரி இதை மாணவரை உட்காரவைத்துச் சொல்வார். "உங்கள் ஊரில் என்ன சமைப்பீர்கள், அறையில் ஜன்னல் திறக்குமா, பொதுச் சமையலறையில் புகைபோக்கி வேலை செய்கிறதா?" என்றும் கேட்பார். முதல் தடவை என்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோ, தீப் பாதுகாப்பு வகுப்போ, அபராதமோ, ஒரு பருவத்துக்கு ப்ரொபேஷனோ விதித்து முடிப்பார். நால்வர் தங்கும் அறையில் யார் பையை மாட்டியது என்று தெரியாவிட்டால் நால்வரையும் தனித்தனியே அழைத்துக் கேட்பார். நால்வரும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரே பொய்யைச் சொன்னால், சாதாரண எச்சரிக்கையோடு முடிந்திருக்க வேண்டியது விசாரணையில் பொய் சொன்ன இரண்டாவது குற்றமாக வளரும்.

இப்படி அழைத்துக் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. பெற்றோரின் இடத்தில் கல்லூரி நிற்கிறது, ஆகவே அது வைத்ததே சட்டம் என்றுதான் அங்கும் நீதிமன்றங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி, வெளி உணவகங்களுக்கு மாணவர்கள் போகக் கூடாது என்று விதித்தது. எதிரே கடை வைத்திருந்தவர் வழக்குப் போட்டார். 1913-இல் நீதிமன்றம் கல்லூரி பக்கமே நின்றது. 1920-களில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் ஒரு மாணவியை, சிரக்யூஸ் பெண்ணுக்குரிய இலட்சணம் இல்லை என்று சொல்லி வெளியே அனுப்பியது. குற்றம் என்னவென்று சொல்லவே இல்லை. 1928-இல் மேல்முறையீட்டில் அதுவும் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

இதை மாற்றியவர்கள் அலபாமாவின் கறுப்பின மாணவர்கள். 1960 பிப்ரவரி 25 அன்று மான்ட்கமரி நகரில், நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த வெள்ளையர் மட்டும் உண்ணும் சிற்றுண்டிச் சாலையில் அலபாமா ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் போய் உட்கார்ந்து உணவு கேட்டார்கள். சில நாட்களில் ஒன்பது பேர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். எந்த விதியை மீறினார்கள் என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அவர்கள் தரப்பைக் கேட்கவும் இல்லை. அவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1961 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு நிதியில் நடக்கும் கல்லூரி ஒரு மாணவரை நீக்கும் முன் குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டிக்சன் வழக்கு என்று இன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் முதல் பாடமாகப் படிப்பது இதைத்தான். அந்த ஒன்பது பேரின் பதிவிலிருந்த நீக்கத்தை அலபாமா அழித்தது 2018-இல். ஐம்பத்தெட்டு வருடம் ஆயிற்று.

(இந்தியாவிலும் இதே நியாயம் அதே காலத்தில் பேசப்பட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மூன்று மாணவர்களின் தேர்வு முடிவை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேர்வு வாரியம் ரத்து செய்தது. 1962-இல் நம் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. சட்டம் நம்மிடமும் இருக்கிறது. அதை அன்றாடம் நடத்திக்காட்ட ஒரு தனி நாற்காலிதான் நம் கல்லூரிகள் பலவற்றில் இல்லை. புகார் சொல்பவர், விசாரிப்பவர், தண்டிப்பவர் மூவரும் ஒரே ஹெச்.ஓ.டி.யாக இருப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது.)

கடிதத்துக்கு வருவோம். எந்தத் தேதியில், எங்கே, என்ன நடந்ததாகப் புகார், அது எந்த விதியின் கீழ் வருகிறது, சந்திப்பு எப்போது என்பது அதில் இருக்கும். கோப்பில் இருப்பதைப் பார்க்கலாம், துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்றும் பெரும்பாலும் இருக்கும். அந்தத் துணைவர் பல இடங்களில் பக்கத்தில் உட்காரலாமே தவிர மாணவருக்காகப் பேச முடியாது. போகாமல் இருந்தால் கோப்பு காணாமல் போகாது. மாணவர் இல்லாமலே, கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து முடிவெடுக்கலாம். அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாதபடி கணக்கை நிறுத்தியும் வைக்கலாம்.

மன்னிப்புக் கடிதம் ஏன் ஆபத்து? நம் ஊரில் எந்தத் தப்பென்றாலும் முதலில் எழுதிக்கொடுப்பது அதைத்தான். "தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் செய்யமாட்டேன்" என்று எழுதி, அப்பா கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தால் பெரியவர்கள் மனம் இரங்குவார்கள். அங்கே அதே வரி, எழுத்துமூலமான ஒப்புதல். செய்யாததைச் செய்ததாக எழுதிவிட்டு, தண்டனை வந்தபின் மேல்முறையீட்டில் "மரியாதைக்காக எழுதினேன்" என்றால் எடுபடுவது கடினம். செய்திருந்தால் செய்ததை மட்டும், செய்த அளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். அது நேர்மையும்கூட. செய்யாததைப் பணிவின் பேரில் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அங்கே தீர்ப்பின் அளவுகோல் பெரும்பாலும் குற்றவியல் நீதிமன்றத்தைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அல்ல. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காதிருக்க வாய்ப்பு அதிகமா என்று எடைபோட்டு, ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே போனாலே போதும். அந்தத் தராசில் ஒரு மன்னிப்புக் கடிதம் எவ்வளவு கனக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1974-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம் ஒன்றின்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள்மீதான உரிமை மாணவருக்கே போய்விடுகிறது. சேலத்திலிருந்து அப்பா போன் போட்டு "என் பையன்மேல் என்ன புகார்?" என்று கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, மாணவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அதிகாரி வாய் திறக்கக் கூடாது. திமிரால் அல்ல, சட்டத்தால்.

கணினி அறிவியல் படிக்கப் போகும் நம் முதுகலை மாணவர்களுக்கு வரும் கடிதம் பெரும்பாலும் அசைன்மென்ட் பற்றியதாக இருக்கும். சில பல்கலைக்கழகங்களில் அதற்குத் தனி அலுவலகம் உண்டு. சிலவற்றில் இதே அதிகாரிதான். இருவர் எழுதிய நிரல்களை ஒப்பிட்டுக் காட்டும் மாஸ் என்ற மென்பொருள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1994-லேயே உருவானது. மாறிகளின் பெயரை மட்டும் மாற்றி அதை ஏமாற்ற முடியாது. நண்பன் கேட்டான் என்று தன் நிரலைக் கொடுத்தவரும் பல பல்கலைக்கழகங்களில் குற்றவாளியே. நம் ஊரில் நட்பு என்று பெயர் வாங்கும் செயலுக்கு அங்கே இடைநீக்கம் வரைகூடப் போகலாம். இடைநீக்கம் என்றால் முழுநேரப் படிப்பு நின்றுபோகும், எஃப்-1 விசா நிலையும் அதோடு ஆட்டம் காணும். ஆகவே அப்படி ஒரு பேச்சு வந்ததுமே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஓட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரை என்ற குற்றச்சாட்டில்தான் அதிகாரியின் நிதானம் இன்று மிகவும் சோதிக்கப்படுகிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை இயந்திர எழுத்தைக் கண்டறியும் ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்களே எழுதிய அவற்றில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று அந்தக் கருவிகள் சொல்லின. அதே ஆண்டில் ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டுபிடிப்பானை நிறுத்தியது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், எழுத்துத் திருட்டைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருளில் இருந்த அதே மாதிரியான வசதியை அணைத்துவைத்தது. கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி ஒரு மாணவரின் படிப்பில் கைவைப்பது அநியாயம். வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, குறிப்பேடு என்று எதைக் காட்டினாலும் பார்க்கக் கடமைப்பட்டவர் அந்த அதிகாரி. காட்ட வேண்டியது மாணவரின் பொறுப்பு. ஆகவே வரைவுகளை அழிக்காதீர்கள்.

இந்த அமைப்பு குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். சிறிய வழக்குகளில் விசாரிப்பவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே. அவருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு அரசுப் பல்கலைக்கழகங்களில்தான். தனியாரில் அவர்கள் தங்கள் கையேட்டில் தந்த வாக்குறுதிதான் துணை. போலீஸ் வழக்கும் சேர்ந்து வந்தால் அலுவலகத்தில் பேசுவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி. இவ்வளவு இருந்தும், தண்டிக்கும் முன் கேட்பதற்கென்றே ஒரு ஆளை நியமித்து, எழுத்தில் குற்றச்சாட்டைத் தந்து, மேல்முறையீட்டுக்கும் வழிவிடும் ஏற்பாடு மாணவருக்குப் பெரிய பாதுகாப்பு. அப்படி ஒரு நாற்காலியை நம் பல்கலைக்கழகங்களும், துறைத்தலைவருக்கும் வார்டனுக்கும் கட்டுப்படாததாக, ஏற்படுத்த வேண்டும்.

வெளிநாடு போகும் பிள்ளைகளே, சேர்ந்த முதல் வாரத்திலேயே நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். கடிதம் வந்தால் அன்றே திறந்து, குறித்த நாளில் நேரில் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.